எல்லா சிஸ்டத்திலிருந்தும் பிரிண்ட் வர வேண்டுமா? நான்கு வழிகள், எது யாருக்குப் பொருந்தும்

காரைக்குடிப் பக்கம் பிரிண்டர் வாங்குகிறவர்கள் முன்பெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகும்?" இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்துவிட்டது: "எல்லா சிஸ்டத்திலிருந்தும் வருமா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறவர்களுக்கு அலுவலக மேசையில் விண்டோஸ், விருந்தினர் கையில் மேக்புக். கல்லூரிச் சாலை ஜெராக்ஸ் கடைக்கு அழகப்பா பல்கலைக்கழகத்திலிருந்தும் சிக்ரி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் வரும் ஆராய்ச்சி மாணவர்களில் சிலர் லினக்ஸ் வைத்திருக்கிறார்கள். வீடு என்று எடுத்துக்கொண்டால் அப்பாவுக்கு விண்டோஸ், மகளுக்கு மேக், பேரனுக்குக் குரோம்புக், எல்லோர் கையிலும் ஒரு போன். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர் வேண்டும். ஏற்கெனவே வீட்டில் ஒரு பழைய பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதையே சமாளிப்பதா, புதிதாக வாங்குவதா என்பதில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்து பிரிண்டர் வாங்காதீர்கள். அந்தப் பிரிண்டருக்கு என்ன மொழி புரியும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டரை நான்கைந்து வருஷத்தில் மாற்றிவிடுவீர்கள், பிரிண்டர் அதற்கு மேலும் ஓடும். இன்றைய சிஸ்டத்துக்கு மட்டும் பொருந்துகிற பிரிண்டரை வாங்கினால் அடுத்த சிஸ்டம் வரும்போது சிக்கல்தான்.

சிக்கல் எங்கே இருக்கிறது

நம் ஊர்ப்பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் இன்னும் ஓடும் இரண்டு பிரிண்டர்களை எடுத்துக்கொள்வோம்: ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900. இரண்டும் உழைப்பாளிகள். 1020-க்கான 12ஏ கார்ட்ரிட்ஜ் சுமார் 2000 பக்கம் வரும், தீர்ந்தால் எந்த ஊரிலும் ரீஃபில் செய்துகொள்ளலாம். அதனால்தான் யாருக்கும் இவற்றைத் தூக்கிப் போட மனசு வருவதில்லை.

ஆனால் இந்த இரண்டும் பக்கத்தைத் தாமாக வரையத் தெரியாதவை. எழுத்து எங்கே, கோடு எங்கே, படம் எங்கே என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போடும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. சமையல் முழுக்க அடுப்படியில் முடிந்து, பந்தியில் இலையில் வைக்க மட்டும் ஓர் ஆள் நிற்பது போல. அந்தச் சமையலைச் செய்வதுதான் டிரைவர். அது அந்தந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட முறையில் எழுதப்பட்டது. கேனன் அதற்கு கேப்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. 1020 இன்னும் ஒரு படி மேலே: ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அதன் உள்மென்பொருளையே கம்ப்யூட்டர்தான் அனுப்பிவைக்க வேண்டும். டிரைவர் உள்ள சிஸ்டத்தில் இவை அருமையாக ஓடும். டிரைவர் இல்லாத இடத்தில் விளக்கு மட்டும் எரியும்.

இன்னொரு வகை, பக்கத்தைத் தானே வரையத் தெரிந்த பிரிண்டர்கள். 1984-இல் அடோபி போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழியைக் கொண்டுவந்தது. அதே காலத்தில் ஹெச்பி பிசிஎல் என்ற மொழியைக் கொண்டுவந்தது. இவை புரியும் பிரிண்டருக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பொதுவான டிரைவரே போதும். அலுவலகப் பெரிய மெஷின்களில்தான் இவை அதிகம்.

மூன்றாவது வகைதான் இன்றைய வழி, டிரைவரே வேண்டாம் என்பது. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. 2013-இல் கேனன், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத்தரமும் அதே வருஷம் வந்தது. பெயர்கள் மூன்றாக இருந்தாலும் அடித்தளம் ஐபிபி என்ற ஒன்றுதான், நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் முறை அது. பிரிண்டரே "என்னிடம் ஏ4 இருக்கிறது, இரண்டு பக்கமும் போடுவேன், கலர் உண்டு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பொதுவான ஒரு வடிவத்தில் பக்கத்தை அனுப்பும். அவ்வளவுதான்.

மேக்கும் லினக்ஸும் பிரிண்ட் விஷயத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் உள்ளே ஓடுவது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளிவந்தது. 2002-இல் ஆப்பிள் அதை மேக்கில் சேர்த்து, 2007-இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. அதனால் டிரைவர் வேண்டாத பிரிண்டர் மேக்கில் ஓடினால் லினக்ஸிலும் பெரும்பாலும் ஓடிவிடும்.

மைக்ரோசாஃப்ட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர் இதனால் நின்றுவிடாது. ஆனால் இனி வாங்குவது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது தெளிவு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில், உங்கள் கூரைக்குக் கீழே எத்தனை வகை சிஸ்டம் இருக்கிறது, அதில் போனும் அடக்கமா. அப்புறம், எத்தனை நாளைக்கு ஒருமுறை பிரிண்ட் எடுக்கிறீர்கள். நம் பக்கத்து வீடுகளுக்கு இது முக்கியமான கேள்வி, பின்னால் சொல்கிறேன். மூன்றாவது, என்ன தாள்: வெறும் ஏ4-ஆ, லீகலா, முத்திரைத்தாளா, கார்பன் பில்லா. நான்காவது, ஸ்கேனும் எல்லா சிஸ்டத்திலிருந்தும் வேண்டுமா. கடைசியாக, கோளாறு வந்தால் சரிசெய்ய வீட்டிலோ கடையிலோ ஆள் உண்டா.

வழி 1: பழைய பிரிண்டரை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பகிர்வது

கைக்காசு செலவில்லை என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் முயல்கிறார்கள். யுஎஸ்பி கேபிளில் பிரிண்டரை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, ஷேர் செய்துவிட்டால் மற்றவர்களுக்கும் வரும் என்பது கணக்கு.

விண்டோஸுக்கு விண்டோஸ் என்றால் வரும். மேக்குக்கும் லினக்ஸுக்கும் அப்படி இல்லை. பிரிண்டர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பக்கத்தை அந்தப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் வேலையை அனுப்புகிற கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். எனவே மேக்கிலும் அந்த மாடலுக்கு டிரைவர் இருந்தாக வேண்டும். ஷேர் செய்வதால் இந்தத் தேவை போய்விடாது. பலர் இங்கேதான் முட்டிக்கொண்டு, தவறு வைஃபையில் இருக்கிறது என்று ரவுட்டரை மாற்றுகிறார்கள். போன்களைப் பொறுத்தவரை விண்டோஸில் ஷேர் செய்த பிரிண்டர் அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்று, அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, பாதுகாப்பு அப்டேட்கள். 2021-இல் விண்டோஸின் பிரிண்ட் பகுதியில் பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்து, பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்றது. அந்த வருஷம் வந்த தொடர் அப்டேட்களுக்குப் பிறகு ஷேர் செய்த பிரிண்டர்கள் பல இடங்களில் 0x0000011b என்ற பிழையோடு நின்றன. இணையத்தில் அதற்குச் சொல்லப்பட்ட குறுக்குவழி அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுவது. கடைக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பலர் புது லேப்டாப் வாங்குகிறார்கள். அதில் ஸ்னாப்டிராகன் சிப் உள்ளதை எடுத்தால் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய மென்பொருள்களை அது எப்படியோ ஓட்டிவிடும், டிரைவரை ஓட்டாது. அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் இருந்தால்தான் பழைய பிரிண்டர் வேலை செய்யும்.

இந்த வழி யாருக்குச் சரி? எல்லாக் கம்ப்யூட்டரும் விண்டோஸாக உள்ள கடைக்கு. அதைவிட முக்கியமாகப் பத்திரம் எழுதுகிற அலுவலகங்களுக்கு. முத்திரைத்தாளில் அச்சிடும்போது ஓரம் அரை அங்குலம் தள்ளிப் போனாலும் அந்தத் தாளின் விலை போயிற்று. தாள் கனம், கையால் ஊட்டும் வழி, லீகல் அளவு மூன்றையும் துல்லியமாகச் சொல்ல நிறுவனத்தின் சொந்த டிரைவர்தான் நம்பகமானது. டிரைவர் வேண்டாத முறையில் இந்த அமைப்புகள் சில சமயம் முழுதாகக் கிடைப்பதில்லை. மேக்கில் தட்டச்சு செய்த பத்திரமாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கி, பிரிண்டர் மாட்டிய விண்டோஸுக்கு அனுப்பி, முதலில் அதே அளவு வெள்ளைத்தாளில் ஒன்று எடுத்து, அதை முத்திரைத்தாள் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

வழி 2: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அதை நடுவில் வைப்பது

இது பலருக்குத் தெரியாத வழி. தெரிந்தவர்களுக்கு நல்ல வழி. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் நம் வீடுகளில் பரண் மேல் இன்னும் கிடக்கிறது. அதில் லினக்ஸ் நிறுவி, பழைய பிரிண்டரை மாட்டி, கப்ஸில் பகிர்வை இயக்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது.

வழி 1-க்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: பக்கத்தைப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் வேலையை இங்கே நடுவில் இருக்கும் லேப்டாப் எடுத்துக்கொள்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அது டிரைவர் வேண்டாத புதுப் பிரிண்டர் மாதிரி தெரியும். மேக்கில் தானாகவே பட்டியலில் வரும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலும் வந்துவிடும். விண்டோஸில் முகவரி கொடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கலாம். அந்த ஒரு லேப்டாப்பில் டிரைவர் சரியாக உட்கார்ந்துவிட்டால் போதும்.

உட்காருமா என்பது மாடலைப் பொறுத்தது. 1020-க்கு ஹெச்பியின் லினக்ஸ் தொகுப்பான ஹெச்பிலிப் உண்டு. ஆனால் அதோடு பிளக்இன் என்ற தனி இணைப்பு மென்பொருளும் இறக்க வேண்டும், தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது அந்த இணைப்பையும் அதே பதிப்புக்கு மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிரிண்டர் கெட்டுப்போனது என்று நினைப்பவர்கள் நிறைய. எல்பிபி 2900-க்கு கேனன் லினக்ஸ் டிரைவர் தருகிறது. அது இன்டெல் வகைச் சிப்புகளுக்கானது, எனவே லேப்டாப்பில் முயலலாம். மின்சாரம் மிச்சம் என்று, வேறு வகைச் சிப் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி அதில் போட நினைத்தால் அந்த டிரைவர் ஓடாது.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது பழைய பேட்டரி. வருஷக்கணக்கில் கிடந்த லேப்டாப்பை இரவும் பகலும் மின்சாரத்தில் வைக்கும்போது உப்பிய பேட்டரி ஆபத்து. கழற்றக்கூடியதானால் கழற்றிவிடுங்கள். கழற்றினால் மின்வெட்டில் அணைந்துவிடும், அதற்கு யுபிஎஸ் வேண்டும். அடுத்தது, ஸ்கேனர் இந்த வழியில் தானாக வராது. அதற்குத் தனி அமைப்பு. மூன்றாவது, செய்து கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் யார் பார்ப்பது? பகிர்வை இயக்கிய விதத்தையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதி அந்த லேப்டாப்பின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

கப்ஸின் அடுத்த பெரிய பதிப்பில் பழைய முறை டிரைவர்களுக்கு இடமில்லை என்பது முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பழைய பிரிண்டர்களைத் தாங்க அதில் வேறு ஏற்பாடு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது அதைச் செய்து தர வேண்டும். எனவே இந்த வழியை நல்ல நிலையில் உள்ள பிரிண்டரின் ஆயுளை நீட்டிக்கும் வழியாக மட்டும் பாருங்கள். இதற்காகப் பழைய பிரிண்டரைத் தேடி வாங்க வேண்டாம். லினக்ஸ் தெரிந்த ஆசிரியரோ மாணவரோ உள்ள பள்ளி, சிறிய அலுவலகம், ஆர்வமுள்ள பிள்ளை இருக்கும் வீடு, இவற்றுக்கு இது மிகவும் நல்லது.

வழி 3: டிரைவர் வேண்டாத புது நெட்வொர்க் பிரிண்டர்

பல வகை சிஸ்டம் கலந்திருக்கும் இடத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் வாங்கும்போது ஒரு மயக்கம் இருக்கிறது. பெட்டியில் வைஃபை என்று போட்டிருப்பதும் டிரைவர் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. சில மாடல்கள் வைஃபையில் இணையும், ஆனால் அந்த நிறுவனத்தின் ஆப் இருந்தால்தான் போனிலிருந்து பிரிண்ட் வரும், அவர்களுடைய டிரைவர் இருந்தால்தான் கம்ப்யூட்டரிலிருந்து வரும். பெட்டியில் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் நிம்மதி.

இதைவிட உறுதியான சோதனை ஒரு ஐபோன். ஐபோனில் பிரிண்டர் டிரைவர் நிறுவவே வழி கிடையாது. எனவே எந்த ஆப்பும் போடாமல் ஐபோனின் பிரிண்ட் பட்டியலில் ஒரு பிரிண்டர் தெரிந்து, பக்கமும் சரியாக வந்துவிட்டால், அது மேக்கிலும் ஓடும், இன்றைய லினக்ஸிலும் ஓடும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பிரிண்டரில் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதலே பொதுவான பிரிண்ட் வசதி உள்ளேயே இருக்கிறது.

இனி நம் ஊருக்கே உரிய விஷயங்கள்.

செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் பிரிண்டர் என்றால் நடுவில் அத்தனை கனமான சுவர்களைத் தாண்டி வைஃபை போக வேண்டும். போகாது, போனாலும் விட்டுவிட்டு வரும். பிரிண்டர் அடிக்கடி ஆஃப்லைன் என்று காட்டுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், சிஸ்டத்தின் மேல் பழி போடுகிறோம். கேபிள் மாட்டும் லேன் துளை உள்ள மாடலை எடுத்து, ரவுட்டர் இருக்கும் இடத்திலேயே பிரிண்டரை வைத்துவிடுவது நல்லது. கொஞ்சம் நடந்து போய்த் தாளை எடுத்துக்கொள்ளலாம். வைஃபைதான் வேண்டும் என்றால், பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை நினைவில் வையுங்கள். ரவுட்டரில் அதை அணைத்துவைத்திருந்தால் பிரிண்டருக்கு வைஃபையே தெரியாது.

விடுதி நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருப்பீர்கள், வைத்திருக்கவும் வேண்டும். அந்த வைஃபையிலிருந்து பிரிண்டர் தெரியாது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. விமானச் சீட்டு பிரிண்ட் கேட்கும் விருந்தினருக்காகப் பிரிண்டரைப் பொது வைஃபையில் திறந்துவிடாதீர்கள். விடுதியின் மின்னஞ்சலுக்கு பிடிஎஃப் அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள். அவர் கையில் எந்த சிஸ்டம் இருந்தாலும் அப்போது கவலையில்லை.

அடுத்து, இங்க் டேங்கா லேசரா என்பது. பக்கச் செலவில் இங்க் டேங்கை வெல்ல முடியாது. எப்சனின் 003 கறுப்பு பாட்டிலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 4500 பக்கம். தினமும் ஓடும் இடத்துக்கு அது சரி. ஆனால் நம் பக்கம் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்று சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து திறக்கும்போதுதான் பிரிண்டர் வேண்டும். விருந்தினர் பட்டியலும் சாமான் கணக்கும் அன்றைக்கே வேண்டும். மூன்று மாசம் சும்மா கிடந்த இங்க் டேங்கில் மை தெளிக்கும் ஹெட் அடைத்திருக்கும். சுத்தம் செய்யச் செய்ய மை கழிவுப் பஞ்சுக்குள் போகும், அந்தப் பஞ்சு நிறைந்தால் அதையும் மாற்ற வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு லேசர்தான். டோனர் தூள், காயாது.

லேசரிலும் மறைந்த செலவு உண்டு. தாளைச் சூடாக்கும் பகுதி திடீரென்று நிறைய மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்த சின்ன யுபிஎஸ்ஸில் அதை மாட்டினால் யுபிஎஸ் கூவிவிட்டு அணைந்துவிடும். நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். கரண்ட் போனபோதும் பிரிண்ட் வேண்டும் என்ற கடைக்கு இங்க் டேங்க் நல்லது, அது இழுப்பது மிகக் குறைவு.

ஸ்கேன் விஷயத்தில் இந்த வகைப் பிரிண்டர்களுக்கு நல்ல காலம். டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்யும் முறையும் வந்துவிட்டது. மேக், லினக்ஸ், விண்டோஸ் 11 மூன்றுக்கும் அது தெரியும். ஹெட் சுத்தம் செய்வது, டோனர் அளவு பார்ப்பது போன்றவற்றுக்கு நிறுவனத்தின் மென்பொருள் இல்லையே என்று தயங்க வேண்டாம். பிரிண்டரின் ஐபி எண்ணை பிரவுசரில் போட்டால் பெரும்பாலான மாடல்களில் அதன் சொந்தப் பக்கம் திறக்கும்.

எந்த சிஸ்டத்தில் முதலில் சேர்த்தாலும் தாள் அளவை ஒருமுறை பாருங்கள். அமெரிக்க அமைப்பில் உள்ள மேக்கோ லினக்ஸோ லெட்டர் அளவை எடுத்துக்கொண்டு, ஏ4 போட்ட பிரிண்டரை "தாள் இல்லை" என்று நிறுத்திவைக்கும்.

வழி 4: போஸ்ட்ஸ்கிரிப்ட் புரியும் அலுவலக மெஷின், அல்லது பழைய காப்பியர்

ஜெராக்ஸ் கடைக்கும் பெரிய பள்ளிக்கும் உரியது. கியோசெரா மெஷின்கள் பலவற்றில் போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு இணையான கேபிடிஎல் உள்ளேயே இருக்கிறது. கேனனின் பெரிய காப்பியர்களுக்கு யுஎஃப்ஆர் என்ற சொந்த மொழி. போஸ்ட்ஸ்கிரிப்ட் பல மாடல்களில் தனியாகக் காசு கொடுத்துச் சேர்ப்பது. பழைய மெஷின் விலை பேசும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) போட்டிருக்கிறதா?" இரண்டாவது, கவுன்ட்டர் (இதுவரை எடுத்த பக்கக் கணக்கு) எவ்வளவு. டிரம், சூடாக்கும் பகுதி இரண்டையும் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஸ்கேன் செய்து நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் போடும் வசதியை நம்பிப் பழைய காப்பியர் வாங்குவோர் கவனிக்க: அவற்றில் பல, நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பைத்தான் பேசும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. மறுபடி இயக்கினால் பாதுகாப்பு போய்விடும். பென் டிரைவில் ஸ்கேன் செய்ய முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் ஒருசேரப் பார்த்தால்

| | விண்டோஸில் பகிர்வு | லினக்ஸ் லேப்டாப் நடுவில் | டிரைவர் வேண்டாத புதுப் பிரிண்டர் | போஸ்ட்ஸ்கிரிப்ட் மெஷின் |
|---|---|---|---|---|
| விண்டோஸ் | நன்று | முகவரி கொடுத்துச் சேர்க்கலாம் | நன்று | நன்று |
| மேக் | அந்த மாடலுக்கு டிரைவர் இருந்தால் | நன்று | நன்று | நன்று |
| லினக்ஸ் | டிரைவர் இருந்தால் | நன்று | நன்று | நன்று |
| போன் | வராது | பெரும்பாலும் வரும் | நன்று | மாடலைப் பொறுத்தது |
| எல்லோருக்கும் ஸ்கேன் | வராது | தனி அமைப்பு வேண்டும் | பெரும்பாலும் வரும் | பென் டிரைவ் நம்பகம் |
| கைச்செலவு | இல்லை | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| பராமரிக்க ஆள் | அப்டேட் வரும்போது | தெரிந்தவர் வேண்டும் | தேவை குறைவு | சர்வீஸ் ஆள் வேண்டும் |
| சிறப்பாகப் பொருந்துவது | பத்திர அலுவலகம் | பள்ளி, சிறு அலுவலகம் | வீடு, விடுதி | ஜெராக்ஸ் கடை |

நகைக்கடை, அடகுக்கடைக்காரர்கள் இந்தப் பட்டியலில் தங்களைத் தேட வேண்டாம். கார்பன் வைத்து இரண்டு மூன்று பிரதி ஒரே அடியில் வேண்டும் என்றால் டாட் மேட்ரிக்ஸ் தவிர வேறு வழியில்லை. டாலி போன்ற கணக்கு மென்பொருளும் விண்டோஸில்தான் நிறுவ வேண்டும். அந்த மேசையை அப்படியே விட்டுவிட்டு, மற்ற வேலைக்குத் தனியாக ஒரு சிறிய பிரிண்டர் வைத்துக்கொள்வதே நல்லது. தமிழ் எழுத்து டாட் மேட்ரிக்ஸுக்குள் இல்லாததால் அதைப் படமாகத்தான் அடிக்கும், மெதுவாகத்தான் வரும். வேறு சிஸ்டத்துக்கு மாறினால் வேகம் கூடும் என்று நினைத்து மாற வேண்டாம்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பிரிண்டர் சரியாக இருந்தும் பக்கம் கெட்டு வருவதற்கு எழுத்துரு காரணமாக இருக்கலாம். விண்டோஸில் நிர்மலா, லதா. மேக்கில் தமிழ் சங்கம், இணைமதி. லினக்ஸில் லோஹித், நோட்டோ. ஒன்றில் தட்டச்சு செய்த ஆவணத்தை இன்னொன்றில் திறந்தால் எழுத்துரு மாறி, வரி மடங்கும் இடம் மாறி, பதினாறு பக்க மலர் பதினெட்டுப் பக்கமாகும். பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழே வராது, ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

எனவே தட்டச்சு செய்த கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். ஆய்வேட்டை லினக்ஸில் தயாரித்துக் கடைக்குக் கொண்டுபோகும் மாணவர்களும் வேர்ட் கோப்பாகத் தராமல் பிடிஎஃப் ஆகவே தர வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர்களும் வாட்ஸ்அப்பில் வரும் வேர்ட் கோப்பைத் திறந்ததும் பிரிண்ட் போடாமல், பக்க எண்ணிக்கையை வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் தாளும் மிச்சம், வாக்குவாதமும் மிச்சம்.

வாங்கக் கடைக்குப் போகும்போது

வீட்டிலுள்ள சிஸ்டங்களில் எது மிகவும் சிக்கலானதோ அதைக் கையோடு எடுத்துப் போங்கள். மேக் இருந்தால் மேக், லினக்ஸ் இருந்தால் லினக்ஸ். விண்டோஸில் ஓடிக்காட்டினால் போதும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தமிழ் பிடிஎஃப், ஒரு புகைப்படம், ஒரு லீகல் பக்கம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். பட்டியலில் பிரிண்டரைச் சேர்க்கும்போது மேக்கில் ஏர்பிரிண்ட் என்று காட்டுகிறதா, விண்டோஸில் அதனுடனேயே வரும் பொது டிரைவரான மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர் என்று காட்டுகிறதா என்பதைக் கவனியுங்கள். அப்படிக் காட்டினால் நிறுவனம் டிரைவர் தருவதை நிறுத்தினாலும் உங்கள் பிரிண்டர் நிற்காது.

விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து பாதுகாக்கப்பட்ட பிரிண்ட் முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்கள் மட்டுமே ஓடும், பழைய டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். புதுப் பிரிண்டர் மட்டும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இயக்கலாம். 1020-ஓ 2900-ஓ இன்னும் மேசையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.